குறுவாளும் அதன் பெயர் பூண்டவையும்: பெயரீடு பற்றிய ஒரு நோக்கு

படைக்கலங்களுள் வாளுக்கும் வேலுக்கும் வில்லுக்கும் வாய்த்த பெருமை குறுவாளுக்கு வாய்க்கவில்லை. வாள் அரசுரிமையின் அடையாளமாயிற்று. வேல் தெய்வத்தின் கைக்கு ஏறிற்று. வில் காப்பியத் தலைவர்களின் தோளை அணிசெய்தது. குறுவாளோ உடையின் மடிப்பினுள் ஒளிந்து கிடந்தது. களத்திலே எதிரெதிர் நின்று பொருவோர்க்கு அது இறுதித் துணை. இருளிலே அணுகிக் குத்துவோனுக்கு அதுவே முதற்றுணை. எனினும் பிற பொருட்களுக்குத் தன் பெயரை ஈந்த வகையிற் குறுவாள் எந்தப் படைக்கலத்துக்கும் இளைத்ததன்று. அந்துப்பூச்சி, முட்செடி, மண்புழுவினும் சிறிய ஒரு புழு, தீவொன்றிலே வாழும் புறா, ஓர் இனத்தார், ஒரு கொலைக்குழு, பெண்டிர் காலணி, அச்சுக்கோப்பாளனின் பெட்டியிற் கிடக்கும் ஒரு குறி என அதன் பெயர் பரந்து சென்றுள்ளது. இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின், பெயரிடுதல் என்னும் செயல் பற்றிப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம் எத்துணைப் போதியது என்பதை ஆராயலாம்.

பொதுவிளக்கம் எளிது. ஒரு பொருள் இன்னொன்றை ஒத்திருத்தலால் அதன் பெயரைப் பெறுகின்றது. தமிழிலக்கணத்தார் இதனை உவமையாகுபெயர் என்பர். ஒப்புமைக்குரிய அடிப்படைகளைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். இந்த நான்கும் குறுவாட் பெயர்களுட் பெரும்பாலானவற்றை வகைப்படுத்தப் போதுமானவை. கொடிமுந்திரி முதலிய பயிர்களின் வேரைத் தாக்கும் நுண்புழுவொன்றினை ஆங்கிலேயர் குறுவாட் புழு என்பர். அதன் வாயிலுள்ள நீண்ட ஊசி வேரின் உயிரணுக்களைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. துளைக்கும்போதே நச்சுயிரியையும் செலுத்திவிடுகிறது. கொடிமுந்திரியின் இலைகளை விசிறிபோலத் திரிக்கும் நோயை இப்புழு பரப்புகின்றதென்பது 1958 இல் நிறுவப்பட்டது. இங்கு ஒப்புமை வினைபற்றியது. அறிவியலார் இதற்கிட்ட கிரேக்கப் பெயரோ வாளையும் நூலையும் சேர்த்தது. வடிவை அது கூறுகிறது, செயலைக் கூறவில்லை. உழவனின் பெயரும் ஆய்வுகூடத்தின் பெயரும் ஒரே உயிரியின் இருவேறு பகுதிகளைக் கண்டன.

இவ்விடத்தேதான் பொதுவிளக்கத்தின் குறை தலைகாட்டுகிறது. ஒப்புமை பொருளிலே கிடப்பது போலவும், காண்போன் அதனை எடுத்துக் கூறுவது போலவும் அவ்விளக்கம் கருதுகின்றது. ஐரோப்பாவிற் பரவலாகக் காணப்படும் சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று இதனைத் தெளிவாக மறுக்கும். அதன் முன்சிறகிலே கறுப்புக் கோடுகள் சில குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்கின்றன. ஆங்கிலேயர் அக்கோட்டிலே கைப்பிடியும் அலகுமுடைய ஒரு குறுவாளைக் கண்டு, பூச்சியைச் சாம்பற் குறுவாள் என்றனர். 1758 இல் அதற்கு இலத்தீன் பெயரிட்ட லின்னேயஸ் அதே கோட்டிலே கண்டது கிரேக்க நெடுங்கணக்கின் இறுதிக்கு முந்திய எழுத்தாகிய சை என்பதனை. இதனோடு நெருங்கிய உறவுடைய, ஏறத்தாழ அதே குறியையுடைய இன்னொரு பூச்சிக்கு 1775 இல் வியன்னாவிலே பெயரிட்டோர் அதனை மூன்று பல்லுடையது என்னும் பொருள்பட அழைத்தனர். ஆங்கிலேயர்க்கு அதுவும் குறுவாளே, கருங்குறுவாள் எனப்பட்டது. ஒரே கறுப்புக் கோடு. ஒருவர்க்கு ஆயுதம், ஒருவர்க்கு எழுத்து, இன்னொருவர்க்குப் பல்வரிசை. ஏட்டிலே பழகிய கண் எழுத்தைக் கண்டதில் வியப்பில்லை. வேடிக்கை யாதெனில், வளர்ந்த நிலையில் இவ்விரு பூச்சிகளையும் புறத்தோற்றத்தாற் பிரித்தறிதல் வல்லுநர்க்கும் அரிது; பெயருக்குக் காரணமான குறி அவற்றை வேறுபடுத்த உதவுவதேயில்லை. கம்பளிப்புழுப் பருவத்தில் மட்டும் அவை ஒன்றையொன்று சற்றும் ஒத்திருப்பதில்லை.

எனவே வினை, பயன், மெய், உரு என்னும் நான்கோடு, காண்போன் யார் என்னும் ஐந்தாம் வினாவும் எழுப்பப்படல் வேண்டும். விறைத்த இலைகளின் நுனியிலே கூரிய முள்ளுடைய யக்கா என்னும் செடியை ஆங்கிலேயர் ஸ்பானியக் குறுவாள் என்றனர். செடியின் பிறந்தகம் ஸ்பெயின் அன்று. வட அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம். இலையின் வடிவு குறுவாளைத் தந்தது. ஸ்பானியம் என்னும் அடைமொழியை எந்த இலையும் தரவில்லை. அக்கரையிலே ஆங்கிலேயர்க்கு அயலவரும் பகைவரும் ஸ்பானியரே என்பதை நினைவு கொள்ளின் அடைமொழி வந்த வழி ஒருவாறு புலப்படும்.

மறுதிசையையும் நோக்குதல் தகும். குறுவாள் பிறவற்றுக்குப் பெயர் தந்தது போலவே பிறவற்றிலிருந்து தானும் பெயர் பெற்றது. பிச்சுவா என்னும் சொல் வடநாட்டு மொழிகளில் தேளைக் குறிப்பது. வளைந்து முனையிற் கொட்டும் அக்கத்திக்கு அப்பெயர் பொருந்தியது. புலிநகம் என்பது விரல்களிலே மாட்டிக் கைக்குள் மறைக்கும் ஆயுதம். 1659 இல் சிவாஜி அப்சல்கானைச் சந்தித்த நிகழ்ச்சியோடு அது பேசப்படுகின்றது. இயற்கையிடமிருந்து பெயரை வாங்கி இயற்கைக்கே திருப்பிக் கொடுக்கும் ஒரு கொள்வினை கொடுப்பினை இங்கு நிகழ்கிறது. பிரெஞ்சு மொழியில் இக்கருவிக்குரிய சொற்களுள் ஒன்று முட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அரேபியரின் ஜம்பியா பக்கம் அல்லது விலா என்னும் சொல்லோடு தொடர்புடையது. தமிழரின் உடைவாளும் இவ்வகையினதே. வடிவாலோ வினையாலோ அன்றி, அணியப்படும் இடத்தால் அது பெயர் பெற்றது. நெடுவாளைத் தூக்கிய கை எல்லோர்க்கும் தெரியும். குறுவாளைப் பொறுத்தவரை அது எங்கே இருக்கிறது என்பதே முதன்மையான வினா. அதனாலேயே இடப்பெயர் அதற்கு இயல்பாயிற்று.

பெரும்பாணாற்றுப்படையிலே நெடுவழிச் செல்லும் வணிகரை உருத்திரங்கண்ணனார் வருணிக்குமிடம் இது தொடர்பாகக் கூர்ந்து நோக்கத்தக்கது. அம்புபட்ட புண் ஆறிய மார்பும், காலை மறைத்த அரணமும், கச்சும் கூறப்படுகின்றன. பக்கத்திலே தொங்கும் வாளுக்கு மலையில் ஊரும் பாம்பு உவமையாகிறது. சுரிகையும் அங்கே உண்டு; ஆயின் அதற்கு உவமை இல்லை. இறுகக் கட்டிய உடையினுள் அது நுழைந்திருக்கின்றது என்ற செய்தியோடு புலவர் அமைகிறார். தொங்குவது காட்சிக்குரியது, ஆகவே ஒப்புமை பெற்றது. நுழைந்தது மறைவுக்குரியது; ஆகவே பெயர் மட்டும் பெற்றது. இது திட்டமிட்டுச் செய்யப்பட்டதென வற்புறுத்த வேண்டியதில்லை. எனினும் இரு படைக்கலங்களையும் ஒரே மூச்சிற் கூறும்போது புலவரின் கண் எங்கே தங்கிற்று, எங்கே தங்காது கடந்தது என்பது செய்யுளிலேயே பதிவாகியுள்ளது.

தமிழிலே இத்தகைய ஆய்வு செய்வோர் விழவேண்டாத குழியொன்று உண்டு. வாள் என்னும் சொல் வரும் இடமெல்லாம் படைக்கலம் வந்துவிட்டதெனக் கொள்ளுதல் கூடாது. ஒளி என்பது அச்சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்று என உரியியல் கூறுகின்றது. வாணுதல் என்பது வாள்போன்ற நெற்றியன்று, ஒளிபொருந்திய நெற்றி. வாட்கண் என்னுமிடத்து இரு பொருளும் வாயில் திறந்து நிற்கின்றன. உரைகாரர் இடம்நோக்கியே ஒன்றைத் தெரிதல் வேண்டும். மரம் அரியும் வாளும் அரிவாளும் வேறு தொழிலின. சொல்லொற்றுமையைக் கண்ட மாத்திரத்தே பெயரீட்டு வரலாறு எழுதப் புகுவோர்க்கு இது போதிய எச்சரிக்கையாகும்.

பொருட்களின் பெயர்களினின்று மக்களின் பெயர்களுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. சாக்சனியர் என்னும் பெயர் அவர்கள் இடையிற் செருகிய சீயக்ஸ் என்னும் ஒற்றைமுனைக் கத்தியாற் பெற்றதென்பது பெரும்பான்மையோர் ஏற்ற கருத்து. கீழ்ச்சாக்சனியர் நாடு என்னும் பொருளுடைய எசெக்ஸ் மாவட்டத்தின் இலச்சினையிலே அக்கத்திகள் மூன்று இன்றும் கிடக்கின்றன. முதலாம் நூற்றாண்டு யூதேயாவிலே சிக்காரியர் என ஒரு குழுவினர் குறிப்பிடப்படுகின்றனர்; சிகா என்பது வளைந்த குறுவாள். அவர்கள் விழாக்கூட்டத்திற் கலந்து, மேலாடையினுள் மறைத்த குறுவாளாற் குத்திவிட்டு, பதறிய மக்களோடு தாமும் சேர்ந்து கூக்குரலிட்டதாக யோசேப்பஸ் எழுதுகின்றார். முன்னைய பெயரைச் சாக்சனியர் பெருமையாகவே தாங்கினர். பின்னையதை உரோமரின் மொழி சூட்டிற்று. ஸ்பானியம், இத்தாலியம் ஆகியவற்றிலே அது கூலிக்குக் கொல்வோனின் பெயராக இன்றும் வழங்குகின்றது. ஆயுதம் ஒன்றே. தானே பூண்ட பெயர் இனமாயிற்று; பகைவன் இட்ட பெயர் குற்றமாயிற்று. இதே இருநிலையை ஒரு நாணயத்திலும் காணலாம். கி.மு. 44 மார்ச்சு நடுநாளில் சீசரைக் கொன்ற புரூட்டஸ், அடுத்த ஈராண்டுகளுள் வெளியிட்ட வெள்ளி நாணயத்திலே இரு குறுவாள்களைப் பொறித்து, அவற்றின் நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பியை வைத்தான். மறைக்கப்படவேண்டிய கருவியைக் கைக்குக் கை மாறும் காசிலே அச்சிட்டது, கொலையை விடுதலை என வாசிக்குமாறு மக்களைக் கேட்பதேயாம்.

காயம் பெயராகும் வகையும் உண்டு. பிலிப்பைன்சின் லூசோன் தீவிலே ஒரு புறா இனம் வாழ்கிறது. வெண்மையான மார்பின் நடுவே செந்நிறத் திட்டு, அப்போதுதான் குருதி கசிந்தது போலத் தோன்றும். ஆங்கிலேயர் அதனைக் குருதி வடியும் நெஞ்சு என்றனர். பிரெஞ்சுக்காரர் குத்துண்ட புறா என்றனர். ஜெர்மானியர் குறுவாட்குத்துப் புறா என்றே பெயரிட்டனர். அடிப்படை ஒப்புமை உரு ஒன்றே. ஆங்கிலப் பெயர் துயரத்தைக் கூறி நிற்க, ஜெர்மன் பெயர் துயரத்துக்குக் காரணமான கையையும் கருவியையும் தேடுகிறது. பறவையின் மார்பில் இல்லாத குற்றவாளி பெயருக்குள் வந்து புகுந்துகொண்டான்.

ஒரு புறாவைப் பொறுத்தவரை இதனால் எவருக்கும் தீங்கில்லை. அதே மொழியிலே அதே சொல் அரசியலிற் செய்த தொழிலோ கொடியது. 1918 இல் ஜெர்மன் படைகள் தோற்றபின், அவை களத்திலே தோற்கவில்லை, நாட்டினுள் இருந்தோரே முதுகிற் குத்தினர் என்னும் கதை பரவிற்று. 1919 நவம்பரில் தளபதி ஹின்டன்பேர்க் பாராளுமன்ற விசாரணைக் குழுவின் முன் இக்கருத்தைக் கூறியதும் அதற்கு ஒரு தகுதி வந்தது. குறுவாட்குத்து என்பதே அக்கதையின் பெயர். சமவுடைமையாளர் மீதும் யூதர் மீதும் அப்பழி சுமத்தப்பட்டது. நாசிகள் அதனை விடாது பயன்படுத்தினர். இங்கு உற்று நோக்கத்தக்கது உருவகத்தின் உட்கட்டு. ஹின்டன்பேர்க் தமது நினைவுநூலிலே வீழ்ந்த படையைச் சிக்பிரீட் என்னும் பழங்கதைத் தலைவனுக்கு ஒப்பிட்டார். அக்கதையிலே சிக்பிரீட்டின் முதுகில் ஹாகன் பாய்ச்சியது ஈட்டி; குறுவாளன்று. ஈட்டியைத் தொலைவில் நிற்கும் பகைவனும் எறியலாம். குறுவாளுக்கோ ஒரு முழத்துக்குள் வருதல் வேண்டும். அருகே வர அனுமதிக்கப்பட்டவனே அதனை ஓங்க முடியும். எனவே குறுவாள் என்ற ஒரு சொல், விசாரணையின்றியே, குற்றவாளி வீட்டினுள் இருக்கிறான் என்று தீர்ப்பளித்துவிட்டது. உருவகம் அணிகலன் மட்டுமே என வகுப்பறையிற் கற்பிப்போர் இந்தச் சொல்லின் வரலாற்றை மாணவர்க்குக் கூறுதல் நன்று.

செகப்பிரியரின் மக்பெத் நாடகத்திலே, இரண்டாம் அங்கத்து முதற் காட்சியில் வரும் குறுவாளுக்கு இரும்பு இல்லை. வெளியிலே தொங்குகிறது, பிடி அவன் கைப்பக்கம் திரும்பியுள்ளது, பற்றினால் அகப்படுவதில்லை. காண்பவனின் மனம் ஒப்புமையைப் பொருளின்மீது ஏற்றும் என மேலே கூறியதன் எல்லைநிலை இது; ஏற்றுவதற்குப் பொருளே அங்கில்லை. அவன் அந்த வெறுங்காட்சியை உண்மையோடு ஒத்துப்பார்க்கத் தன் இடையிலுள்ள மெய்யான குறுவாளை உருவுகின்றான். உருவியபின் அது உறைக்குத் திரும்புவதில்லை. நாடகத்தை மேடையேற்றுவோருட் சிலர் உண்மையான ஒரு கத்தியைக் கயிற்றிலே தொங்கவிடுவர். அது காட்சியின் உயிரைப் போக்கிவிடும் எனல் மிகையன்று.

குறுவாளுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவே இவற்றுள் மிக வளமானது. உரோமர் மெழுகுப் பலகையில் எழுதப் பயன்படுத்திய கூரிய கோல் ஸ்டிலஸ் எனப்பட்டது. அதிலிருந்து இருவேறு கிளைகள் பிரிந்தன. ஒன்று எழுதும் முறையைக் குறித்து, தமிழில் நடை என்று நாம் கூறும் ஸ்டைல் ஆயிற்று. மற்றையது இத்தாலியிலே மெல்லிய கூர்ங்குறுவாளின் பெயராகிய ஸ்டிலெட்டோ ஆயிற்று. 1950களிற் பெண்டிர் பாதணியின் ஊசிக்குதியையும் அப்பெயர் பற்றிக்கொண்டது. எழுத்துநடையும் கொலைக்கருவியும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். சீசர் கொலையுண்ட வேளையிலும் இவ்விரண்டும் நேர்நின்றன. தன்னைக் குத்தவந்த கஸ்காவின் கையைச் சீசர் தம் எழுத்தாணியாற் குத்தினார் என்று சுவெற்றோனியஸ் கூறுகின்றார். எதிரே குறுவாள்கள் பல. கையில் இருந்தது எழுத்தாணி ஒன்று.

தமிழ்நிலத்திலும் ஈழத்திலும் இவ்வுறவு சொல்லளவிலன்றிப் பொருளளவிலேயே நிலவியது. மடக்கெழுத்தாணியின் ஒரு முனையில் எழுதும் கூர். மறுமுனையில் ஓலைவாரும் கத்தி. கண்டியரசுக் காலத்துக் கம்மியர் வெள்ளியும் தந்தமும் பதித்துச் செய்த பிஹா கெட்ட என்னும் கத்திகளுட் சில, எழுத்தாணியோடு ஒரே உறையிற் செருகப்பட்டுக் கிடைத்துள்ளன. ஓலையை அறுப்பதும் ஓலையில் எழுதுவதும் ஒருவன் தொழிலாக இருந்தமையால் இரண்டும் ஒரே இடுப்பிற் கிடந்தன. சீத்தலைச் சாத்தனார் பற்றிய கதையும் இச்சூழலிற் பிறந்ததே. பிறர் செய்யுளிற் குற்றம் காணுந்தோறும் அவர் எழுத்தாணியால் தம் தலையிற் குத்திக்கொண்டாரென்றும், அப்புண்ணாற் சீத்தலையர் ஆனாரென்றும் கூறுவர். சீத்தலை ஓர் ஊரின் பெயர் என்பதே பொருத்தமான விளக்கம். கதை பிற்காலத்தார் புனைவு. புனைவாயினும் அது கூறும் விமரிசகன் வியப்புக்குரியவன். பிழை செய்தவன் இன்னொருவன்; குருதி சிந்துவோன் பிழை கண்டவன். பாடத்தைத் தொடாது தன்னைக் குத்திக்கொள்ளும் இவனுக்கு நேர்மாறானவனை அலெக்சாந்திரியாவிற் காணலாம்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகரத்து நூலகத்துக்குத் தலைவராயிருந்த செனோடோட்டஸ், ஓமரின் காவியங்களைப் பல பிரதிகளை ஒப்புநோக்கிச் சீர்செய்தார். ஓமருடையவையல்ல என அவர் ஐயுற்ற அடிகள் பல. அவற்றுட் பலவற்றை அழிக்காது, அடியின் இடப்பக்கத்திலே ஒரு கிடைக்கோடு இட்டார். அதன் பெயர் ஒபெலஸ். இறைச்சி வாட்டும் இரும்புக்கம்பி என்பது பொருள். இதே சொல்லின் சிறுமை வடிவே எகிப்தியரின் வானளாவிய கற்றூண்களுக்குக் கிரேக்கர் இட்ட பெயர். மலைபோன்ற தூணைச் சமையற் கம்பி என்றழைத்த நகைச்சுவை நினைந்து மகிழத்தக்கது. கிரேக்கரின் சிறுகாசுக்கும் அதுவே பெயரடி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே அரிஸ்தார்க்கஸ் இக்குறிமுறையை விரிவாக்கினார்; அவர் பெயரே பிற்காலத்திற் கடுமையான விமரிசகனுக்குப் பொதுப்பெயராயிற்று. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலே ஓரிஜன், பழைய ஏற்பாட்டின் கிரேக்கப் பெயர்ப்பை எபிரேய மூலத்தோடு ஒப்பிட்டபோது, மூலத்தில் இல்லாது பெயர்ப்பில் மட்டும் உள்ளவற்றுக்கு ஒபெலசும், மூலத்திலிருந்து சேர்த்தவற்றுக்கு உடுக்குறியும் இட்டார். உடு ஒளி தருவது, கம்பி குத்துவது என ஜெரோம் இவ்விரண்டையும் விளக்கினார். கம்பி நாளடைவிற் பிடியும் குறுக்குக்கட்டையும் பெற்றது. ஆங்கில அச்சுக்கூடங்களில் அதன் பெயர் குறுவாளாயிற்று. ஜெர்மானியர் அதே குறியைச் சிலுவை என்பர். பழைய கிடைக்கோட்டின் இன்னொரு வழித்தோன்றல், இரு புள்ளிகளுக்கு நடுவே கோடாய், 1659 இல் ரான் என்பாரின் இயற்கணித நூலிலே வகுத்தற்குறியாக அமர்ந்தது. சக்கட்டை இயற்பியலார் தம் சமன்பாடுகளில் வேறோர் உட்பொருளில் வழங்குகின்றனர். அது இங்கு வேண்டாம்.

இக்குறியின் சிறப்பு அது செய்யாது விடுவதிலேதான் உள்ளது. குறுவாள் என்று பெயர் பெற்றும் அது எதனையும் வெட்டுவதில்லை. அரிஸ்தார்க்கஸ் ஐயுற்ற அடிகள் இன்றும் ஓமர் காவியங்களில் இருக்கின்றன. அவர் ஐயமும் உடனிருக்கிறது. பிற்காலத்து அறிஞர் அவர் தீர்ப்புகளுட் பலவற்றை ஏற்கவில்லை. ஏற்காதிருக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்தவர் அவரே. இக்காலத்துக் கிரேக்க, இலத்தீன் பதிப்புகளிற் சிதைந்து பொருள் கொள்ள இயலாத தொடரின் இருபுறமும் இரு குறுவாள்கள் நிற்கும். இங்கே பாடம் கெட்டுள்ளது, திருத்தம் எனக்குப் புலப்படவில்லை என்று பதிப்பாசிரியர் ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது. ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியிலே வழக்கிறந்த சொற்களின்முன் அது நிற்கின்றது. சொல் இறந்தது, அகராதியினின்று நீங்கவில்லை. உயிரியல் நூல்களில் அற்றொழிந்த இனங்களின் பெயரோடு வருகிறது. சீலகாந்து என்னும் மீன்வகை பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதெனக் கருதப்பட்டுக் குறுவாள் தாங்கி நின்றது. 1938 டிசம்பரில் தென்னாபிரிக்கக் கரையிலே மீனவர் வலையில் ஒன்று அகப்பட்டது. குறியை எடுத்துவிடுதலே போதுமாயிற்று. பட்டியலிலிருந்து பெயரே நீக்கப்பட்டிருப்பின் எதனை மீளச் சேர்ப்பது என்று தேடவேண்டியிருந்திருக்கும்.

தமிழ்ப் பதிப்புவரலாற்றை இவ்வளவையால் நோக்கும்போது கடுமையான சில வினாக்கள் எழுகின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு முன்னரும் வெளிவந்த நம் பதிப்புகளிற் குறுவாள் வடிவம் காணப்படாமலில்லை. உடுக்குறிக்கு அடுத்த அடிக்குறிப்பைச் சுட்டும் கைகாட்டியாக அது நின்றது. ஐயத்தைப் பதியும் கருவியாக அன்று. ஆயினும் அதன் பண்பு வேறு வழிகளில் நம் பதிப்பாசிரியர்களிடம் இருந்தது. 1887 இலே கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தொடும்போதே நொறுங்கும் ஏடுகளோடு போராடியவர். உ. வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளைத் தொகுத்து அடிக்குறிப்பிற் பதிந்தார். 1894 இல் வெளிவந்த புறநானூற்றிலே சிதைந்த அடிகளின் இடத்தைப் புள்ளிகள் காத்து நின்றன. 267, 268 ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. ஆயினும் அவற்றுக்குரிய எண்கள் கைவிடப்படவில்லை. இல்லாததை இல்லையென்று காட்டுவதற்கு இடம் ஒதுக்குதல், உள்ளதை ஐயத்தோடு காட்டுதலுக்கு உடன்பிறந்த நேர்மையாகும்.

கம்பராமாயணத்தில் நிகழ்ந்தது வேறு. டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பனை நாடறியச் செய்தவர்களுள் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர். செய்யுளின் ஓசைநயத்தை உணர்ந்து பிறர்க்கு உணர்த்துவதில் அவர்க்கு நிகர் சிலரே. ஆனால் வழங்கிவந்த பாடல்களுட் பெருந்தொகையானவை கம்பனுடையவையல்ல என்று தம் செவியையே சான்றாகக் கொண்டு முடிவுசெய்து, அவற்றை நீக்கியும், எஞ்சியவற்றிற் சொற்களை மாற்றியும் தம் பதிப்பை வெளியிட்டார். அவருடைய ஐயங்களுட் சில மிக நுண்ணியவை. இடைச்செருகல் அக்காவியத்தில் உண்டென்பதை எவரும் மறுக்கவில்லை. குறை ஐயத்தில் இல்லை; அவ்வையம் செயற்பட்ட முறையில் உள்ளது. அவர் பதிப்பை மட்டும் கையில் வைத்திருக்கும் மாணவன் அவரோடு முரண்பட வழியில்லை. முரண்படுதற்குரிய பாடல் அவன் கண்ணுக்கு அகப்படாது. அரிஸ்தார்க்கசின் கம்பி அடியின் பக்கத்தே நின்றது. இவருடையது அடியினுள்ளே இறங்கிவிட்டது. பின்வந்த பதிப்புக் குழுவினர் ஐயத்துக்குரியவற்றை மிகைப்பாடல்கள் எனப் பிரித்து அச்சிட்டமை நெறிப்பட்ட செயல். எனினும் தம் இடத்தினின்று பெயர்த்துத் தனியே தொகுக்கப்படும் பாடலை முன்பின் செய்யுட்களோடு இயைத்து மதிப்பிடுதல் படிப்போர்க்கு எளிதன்று. இருந்த இடத்திலேயே குறியோடு நிற்கும் முறையினின்று இது இன்னும் ஒரு படி விலகியே உள்ளது.

சீவகசிந்தாமணி இதனினும் சிக்கலானது. இன்று வழங்கும் நூலில் 3145 செய்யுட்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி திருத்தக்கதேவர் பாடியவையல்ல, கந்தியார் என்பார் பாடிச் சேர்த்தவை என்பது உரைவழி வந்த செய்தி. சேர்த்தவர் பெயர் தெரிகிறது. சேர்க்கப்பட்டன என்பதும் தெரிகிறது. அவை அனைத்தையும் பிரித்துக்காட்டும் அடையாளம் ஏடுகளில் இல்லை. கந்தியாரை அடுத்துப் பிரதி செய்த எவரேனும் ஓலையின் ஓரத்தில் எழுத்தாணியால் ஒரு கீறல் இட்டிருப்பின் இவ்வாராய்ச்சி பெரிதும் எளிதாகியிருக்கும். இனி அதனைச் செய்வோர், யாப்பு, சொல்லாட்சி, கதைத் தொடர்ச்சி, உரைகாரர் குறிப்பு ஆகியவற்றைச் செய்யுள்தோறும் நிறுத்துப் பார்த்து, ஐயத்தையும் அதற்குரிய காரணத்தையும் செய்யுளின் அருகிலேயே பதிதல் வேண்டும். ஒரு செய்யுளையேனும் இடம்பெயர்த்தல் ஆகாது.